சனியின் வளையமும் நிலவுகளும்: மொட்டை மாடியிலிருந்து பார்க்க ஒரு வழிகாட்டி

தொலைநோக்கி வாங்க நினைக்கிறவர்களில் நிறையப் பேர் சனியை மனத்தில் வைத்துத்தான் நினைக்கிறார்கள். வளையம் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியுமா, எவ்வளவு பெரிய கருவி வேண்டும், எந்த மாதம் நல்லது, நிலவுகளில் எத்தனை அகப்படும்? இதற்கெல்லாம் விடை தேடி நான் நிறைய அலைந்திருக்கிறேன். கிடைத்த குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் வானிலையை வைத்து எழுதியவை. செப்டம்பர், அக்டோபர்தான் பொன்னான காலம் என்று அவற்றில் இருக்கும். தமிழ்நாட்டிலோ அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நம் வானத்துக்கும் நம் பணப்பைக்கும் ஏற்ற மாதிரி, படிப்படியாக எழுதுகிறேன்.

1. என்ன தெரியும் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

சனி பெரிய கோள், ஆனால் வெகு தூரத்தில் இருக்கிறது. வளையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வானத்தில் அது பிடிக்கும் இடம், முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். ஆக, 40 மடங்கு பெருக்கினால் வளையத்தின் நீளம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலவின் அகலத்துக்குச் சமமாகும். 100 மடங்கில் அதைவிட இரண்டரை பங்கு. இது தாராளமான அளவு. வளையம் கோளைத் தொடாமல் தனியே நிற்பது இதில் நன்றாகவே தெரியும். படங்களில் வரும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவை காசினி விண்கலம் அருகில் போய் எடுத்தவை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வளையத்தின் சாய்வு நமக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறித் தெரியும். 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத்தின் தளத்தைக் கடந்தது, அதாவது வளையத்தின் விளிம்பு நம்மை நேராக நோக்கியது. அதை ஒட்டிய காலத்தில் வளையம் ஒரு கோடாக மெலிந்துவிட்டது. இப்போது மெல்ல விரிந்துகொண்டிருக்கிறது. 2026 பருவத்தில் இன்னும் ஒடுங்கலாகத்தான் இருக்கும். 2027, 2028 என்று போகப் போக நன்றாகத் திறந்து, 2032 வாக்கில் ஏறக்குறைய 27 டிகிரி சாய்வில் முழு அழகோடு தெரியும். வளையம் மெல்லிசாகத் தெரிகிறதே, கருவியில்தான் குறையோ என்று புதிதாக வாங்கியவர்கள் கவலைப்படுவதைப் பார்க்கிறேன். கருவியில் குறை இல்லை, இந்த ஆண்டுகளின் சாய்வு அப்படி.

2. கருவியும் செலவும்

விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கீழே இருப்பவை தோராயமான வரம்புகள்.

70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, குவியத்தூரம் (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) 700 மி.மீ.: சுமார் 10,000 முதல் 15,000 ரூபாய். வளையம் தெரியும், சனியின் மிகப் பெரிய நிலவான டைட்டன் தெரியும். முதல் கருவியாக இதை நான் தயங்காமல் சொல்வேன்.

130 மி.மீ. கண்ணாடித் தொலைநோக்கி: சுமார் 20,000 முதல் 30,000. நிலவுகளைத் தேட ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் சரியான தொடக்கம்.

8 அங்குல டாப்சோனியன் (தரையில் வைக்கும் பெட்டித் தாங்கியில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி): ஐம்பதாயிரத்தைத் தாண்டும், எண்பதாயிரம் வரை போகும். காட்சி அருமை. ஆனால் 20 கிலோவுக்கு மேல் கனம். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருந்தால் வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். தூக்கிப் போக அலுப்பாக இருக்கும் கருவி மூலையில்தான் நிற்கும்.

இனி பொறிகள். பெட்டியின் மேல் '525 மடங்கு', '675 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். ஒரு கருவியின் பயனுள்ள உருப்பெருக்கம், அதன் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான். 70 மி.மீ. கருவிக்கு 140 மடங்கு உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், விவரம் கூடாது, மங்கிக் கலங்கும். உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவது எளிது: தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின்) குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 700ஐ 10ஆல் வகுத்தால் 70 மடங்கு.

கருவியோடு வரும் 4 மி.மீ. ஐபீஸும் பிளாஸ்டிக் 3 மடங்கு பார்லோவும் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) பெரும்பாலும் பயன்படாதவை. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, நல்ல 6 மி.மீ. ஐபீஸ் ஒன்றை மட்டும் தனியாக வாங்குங்கள். அதற்கு மூவாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும். 700 மி.மீ. கருவியில் அது 117 மடங்கு தரும், சனிக்கு மிகப் பொருத்தம். மொத்தப் பணத்தையும் குழாயிலேயே போட்டுவிடாமல் இந்த மூவாயிரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ட்ரைபாடையும் பாருங்கள். குழாயை விரலால் தட்டினால் ஆட்டம் ஓரிரு நொடிகளில் அடங்க வேண்டும். 100 மடங்கில் ஆடுகிற கருவியால் சனியைப் பார்க்கவே முடியாது.

எதுவும் வாங்காமல் ஒருமுறை பார்த்துவிட நினைத்தால் அதற்கும் வழி உண்டு. சென்னைக் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது. பொதுமக்களுக்கு எந்த நாள், எந்த நேரம் என்பதை அவர்களுடைய தளத்தில் பார்த்து, முடிந்தால் தொலைபேசியிலும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழைக்காலத்தில் சும்மா போய்த் திரும்பும் பயணம் ஆகிவிடக் கூடாது.

3. பத்திரப்படுத்த வேண்டிய காகிதங்கள்

முதலாவது பில். ஜி.எஸ்.டி. எண்ணோடு, கருவியின் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாமல் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்தச் சில நூறு ரூபாய்க்காக வாரண்டியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே காணொளி எடுக்கத் தொடங்குங்கள். எனக்கு வந்த ஒரு பெட்டியில் சிறிய கண்ணாடி அதன் பிடியிலிருந்து கழன்று குழாய்க்குள் கிடந்தது. விற்றவர் முதலில் ஏற்கவில்லை. முத்திரை உடைப்பதிலிருந்து வெட்டில்லாமல் எடுத்த காணொளியும் பில்லும் இருந்ததால் பிறகு மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் மூன்று வாரம் போனது, அதற்குள் நல்ல வானமும் போனது. ஆகவே பார்க்க வேண்டிய காலத்துக்கு ஒரு மாதம் முன்பே கருவி கையில் இருக்கும்படி வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் கூரியர் நிறுவனம் கே.ஒய்.சி. ஆவணம் கேட்கும்: ஆதார், பான், பாஸ்போர்ட் போன்றவற்றின் நகல், பொருளின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான சான்று. பெயரும் முகவரியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சுங்க வரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் அனுப்பும் செலவும் சேர்ந்தபின் உள்ளூர் விலையைத் தாண்டிவிடுவது சகஜம். முதல் கருவிக்கு இந்தத் தொல்லை தேவையில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிக் கதவு இரவில் பூட்டியிருக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஒரு சிறு கடிதம் எழுதி, எந்த நாள்களில், எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகல் காவலாளியிடமும் இருக்கட்டும். மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது.

4. எந்த மாதம்?

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் ஓர் ஆண்டையே கோட்டைவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சூரியனுக்கு நேர் எதிரே சனி வரும் நாளை எதிர்நிலை என்கிறோம். அன்று சனி பூமிக்கு மிக அருகில் இருக்கும், மாலையில் உதித்து விடியும் வரை வானில் இருக்கும். 2026இல் அது அக்டோபர் 4, 2027இல் அக்டோபர் 18, 2028இல் அக்டோபர் 30. ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய இரண்டு வாரம் தள்ளிப்போகும். எதிர்நிலைக்கு முன்னும் பின்னும் சில நாள்கள் வளையம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். வளையத்தில் உள்ள பனித்துகள்களின் நிழல் அவற்றுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுவதுதான் காரணம்.

நல்லதுதான். ஆனால் அந்தத் தேதிகளைப் பாருங்கள், எல்லாம் மழையை ஒட்டி அல்லது மழைக்குள்ளேயே வருகின்றன. வானம் திறந்த இரவு கிடைத்தால் விடாதீர்கள், அதே சமயம் அதை நம்பி இருக்காதீர்கள். எதிர்நிலையைத் தவறவிட்டால் பெரிய இழப்பு என்பது உண்மையல்ல. மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் சனியின் தோற்ற அளவு ஏறத்தாழ பத்து சதவீதம்தான் குறையும். கண்ணால் பார்க்கும்போது அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஆகவே நான் சொல்லும் காலம் இது: பொங்கலை ஒட்டிய மாலைகள். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். 2027 ஜனவரி தொடக்கத்தில் பொழுது சாயும்போதே சனி உச்சியை ஒட்டித் தென்வானில் நிற்கும். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரை வரை தாராளமாகப் பார்க்கலாம். குழந்தைகளும் வயதானவர்களும் தூக்கம் கெடாமல் பார்க்கக்கூடிய நேரம். இதில் ஒரு கூடுதல் பலனும் உண்டு. அப்போது சூரிய ஒளி சனியின் மேல் சற்றுப் பக்கவாட்டில் விழுவதால், கோளின் நிழல் பின்பக்க வளையத்தில் ஓர் ஓரமாக விழும். 130 மி.மீ. கருவியில் உற்றுப் பார்த்தால் கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே கருப்பு வெட்டாக அது தெரியும், சனி ஓர் உருண்டை என்பது அப்படியே கண்ணில் படும். எதிர்நிலை அன்று இந்தக் காட்சி கிடைக்காது.

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு மழை ஜனவரிக்குள்ளும் நீளும். அவர்கள் பிப்ரவரி முதல் பாதியை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் இருட்டும் நேரத்தில் சனி மேற்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும். மார்ச்சில் தாழ்ந்துவிடும். 2027 ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். அந்தச் சமயத்தில் யாராவது புதுக் கருவி வாங்கிச் சனியைத் தேடினால் ஏமாற்றம்தான்.

5. இடம்

சனியைப் பார்க்க இருட்டான மலைக்குப் போகத் தேவையில்லை. பிரகாசமான கோள் அது. சென்னை நடுவிலும் வளையம் அதே அழகோடு தெரியும். நகர வெளிச்சமும் நிலா வெளிச்சமும் மங்கலான நிலவுகளைத் தேடும்போதுதான் இடைஞ்சல்.

கெடுப்பது வெப்பம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காற்றின் ஊடாகப் பார்த்தால் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் காசு போல சனி நெளியும். தளத்தில் சாயங்காலம் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஏ.சி.யின் வெளிப்பெட்டி, சமையலறைப் புகைபோக்கி ஆகியவற்றுக்கு மேலாகச் சனியைப் பார்க்கும் இடத்தைத் தவிருங்கள். தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு அது வந்து சேர விடுங்கள், பெரிய கண்ணாடியாக இருந்தால் ஒரு மணி நேரம். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

6. வானத்தில் சனியைக் கண்டுபிடித்தல்

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஊரைச் சரியாகக் கொடுத்தால் சனி இருக்கும் திசையும் உயரமும் காட்டும். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தாலும் உதவும், சனி எந்த ராசியில் என்று பார்த்தால் வானத்தில் எந்தப் பகுதி என்பது ஏறக்குறையத் தெரியும். ஆனால் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சனிப்பெயர்ச்சித் தேதி ஓர் ஆண்டு வரை வேறுபடுகிறது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 முதல் சனி மீனத்தில். அந்தப் பகுதியில் பிரகாசமான நட்சத்திரங்கள் அதிகம் இல்லை, அதனால் மின்னாமல் மஞ்சளாக நிற்கும் அந்தப் புள்ளியைத் தவறவிட மாட்டீர்கள்.

ஃபைண்டரை (குழாய்மேல் இருக்கும், குறிபார்க்க உதவும் சிறு கருவியை) பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். தூரத்தில் இருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியைத் தொலைநோக்கியில் நடுவில் கொண்டுவந்து, ஃபைண்டரின் குறுக்குக்கோடும் அதே உச்சியில் படும்படி திருகுங்கள். இதை இருட்டில் செய்ய முயன்றால் அந்த இரவு முழுக்க அதிலேயே போய்விடும். பகலில் குழாய் சூரியன் பக்கம் திரும்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் மூடியைக் கழற்றியபடி கருவியை விட்டுவிட்டு நகராதீர்கள்.

7. முதலில் வளையம்

எப்போதும் 25 மி.மீ. ஐபீஸில் தொடங்குங்கள். நடுவில் வந்ததும் 10 மி.மீ., அப்புறம் 6 மி.மீ. உருவம் கலங்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள். சின்னதாக, கூர்மையாகத் தெரிவதே நல்லது.

பார்த்தவுடன் நகர்ந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் இருங்கள். காற்று நொடிப்பொழுது அசையாமல் நிற்கும், அந்த நொடியில் விவரங்கள் சட்டென்று தெளியும். வெளிப்புற ஏ வளையத்துக்கும் பிரகாசமான பி வளையத்துக்கும் இடையே உள்ள காசினி இடைவெளி, வளையத்தின் இரு முனைகளிலும் கருங்கோடாகத் தோன்றும். அதன் உண்மையான அகலம் 4,700 கி.மீ. அளவு. ஒடுங்கிய சாய்வு இருக்கும் 2026 பருவத்தில் சிறு கருவிகளில் அது கடினம். 2028இல் 100 மி.மீ. கருவியிலும் எதிர்பார்க்கலாம்.

8. நிலவுகள்

2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் அறிவிக்கப்பட்டபோது சனியின் நிலவுக் கணக்கு 274 ஆனது. அவற்றில் பெரும்பாலானவை சில கி.மீ. அளவுள்ள துண்டுகள். மாடியிலிருந்து நமக்குக் கிடைப்பவை ஐந்து, பெரிய கருவி இருந்தால் ஆறு. ஆனால் ஒரு கோளைச் சுற்றி வேறு உலகங்கள் சுற்றுவதை நம் கண்ணாலேயே நாளுக்கு நாள் தொடர்ந்து பார்க்க முடிவது எனக்கு வளையத்தைவிடவும் பெரிய விஷயம். இதற்கு நேரம் கொடுங்கள்.

தூரத்தை அளக்க வளையத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வளையத்தின் முழு நீளத்தை ஒன்று என்று கொண்டால், கோளின் நடுவிலிருந்து டெதிஸ் அதிகபட்சம் ஒன்று தூரம் வரை போகும், டயோனி ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு, ரியா இரண்டு, டைட்டன் நாலரை, ஐயாபிடஸ் பதின்மூன்று.

டைட்டனில் தொடங்குங்கள். அதன் ஒளியளவு 8.4. இந்த எண் கூடக் கூட மங்கல் என்று பொருள். 70 மி.மீ. கருவியில் நகரத்திலிருந்தும் தெரியும். விட்டம் 5,150 கி.மீ., புதன் கோளைவிடப் பெரியது. ஒரு சுற்றுக்கு 16 நாள். ஆக, இன்று கோளுக்குக் கிழக்கே எட்டத்தில் இருந்தால் எட்டு நாள் கழித்து மேற்கே அதே தூரத்தில் இருக்கும்.

இங்கேதான் பொதுவான தவறு நடக்கும்: அருகில் தற்செயலாகத் தெரியும் நட்சத்திரத்தை நிலவு என்று நினைத்துவிடுவது. தப்பிக்க வழி, ஒரு நோட்டில் சின்ன வட்டம் போட்டு, கோளையும் புள்ளிகளையும் வரைந்து, தேதியும் நேரமும் எழுதுவது. மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் வரையுங்கள். நிலவு சனியோடு கூடவே வந்து இடம் மாறியிருக்கும், நட்சத்திரம் பின்தங்கிவிடும். வரைந்து முடித்த பிறகு ஸ்டெல்லேரியத்தில் ஒப்பிடுங்கள். முன்னாலேயே பார்த்துவிட்டால் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும்.

ஒப்பிடும்போது படம் புரண்டிருப்பது குழப்பும். கண்ணாடித் தொலைநோக்கியில் தலைகீழ், டயகனல் (ஒளியை ஐபீஸ் பக்கம் திருப்பும் சாய்வுக் கண்ணாடி) பொருத்திய லென்ஸ் தொலைநோக்கியில் இடவலம் மாறி இருக்கும். இதற்கு ஒரு நம்பகமான வழி இருக்கிறது. மோட்டார் இல்லாத கருவியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். சனி நகர்ந்து எந்த ஓரம் வழியாக வெளியேறுகிறதோ அதுதான் மேற்கு. படம் எப்படிப் புரண்டிருந்தாலும் இது மாறாது.

ரியாவின் ஒளியளவு 9.7, நாலரை நாளில் ஒரு சுற்று. டெதிஸ் 10.2, இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. டயோனி 10.4, இரண்டே முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவு. இவற்றுக்கு 100 முதல் 130 மி.மீ. வேண்டும், நிலா இல்லாத இரவு வேண்டும். சனியின் ஒளி கண்ணைக் கூசச் செய்தால் கோளைக் காட்சியின் ஓரத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத் தேடுங்கள். என்செலடஸ் 11.7, அதுவும் வளையத்தை ஒட்டியே இருக்கும். 8 அங்குலக் கருவியும் அசையாத காற்றும் இல்லாமல் அதற்காக நேரம் செலவிட வேண்டாம்.

ஐயாபிடஸைத் தேட நாள் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அதன் ஒரு பக்கம் பனி வெள்ளை, மறுபக்கம் கரி நிறம். சனிக்கு மேற்கே எட்டத்தில் இருக்கும்போது வெள்ளைப் பக்கம் நமக்குத் தெரியும், ஒளியளவு 10 வாக்கில் இருக்கும், 130 மி.மீ.யில் பிடிக்கலாம். கிழக்கே போகும்போது ஏறக்குறைய 12க்கு மங்கிவிடும். ஒரு சுற்றுக்கு 79 நாள் என்பதால், மேற்கு முனையில் இருக்கும் வாரத்தை ஸ்டெல்லேரியத்தில் தேதியை நகர்த்திப் பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நாசாவின் கோள் தரவுக் கிடங்கு நடத்தும் வளைய–நிலவுப் பிரிவின் இணையதளத்திலும் எந்தத் தேதிக்கும் சனியையும் நிலவுகளையும் வரைந்து காட்டும் இலவசக் கருவி இருக்கிறது.

9. போனில் படம் எடுக்க

ஐபீஸில் போனைப் பிடித்துவைக்கும் அடாப்டர் ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். ஒற்றைப் படம் எடுக்காமல் ஓரிரு நிமிடக் காணொளி எடுங்கள். போன் கேமராவின் எக்ஸ்போஷரை (உள்ளே வாங்கும் ஒளியை) கையால் குறைத்து வளையத்தின் விவரம் தெரியும்படி பூட்டிவையுங்கள். பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் காணொளியின் நல்ல ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்கித் தரும். அதில் நிலவுகள் விழாது. அவற்றுக்குத் தனியாக ஒளியைக் கூட்டி இன்னொரு காணொளி எடுக்க வேண்டும், அதில் சனி வெளிறிப்போகும். இரண்டும் ஒரே படத்தில் வரவில்லை என்று மாய்ந்து போகாதீர்கள்.

10. கருவியை எடுத்து வைத்தல்

ஜனவரிப் பனியில் லென்ஸ் ஈரமாகிவிடும். துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். மூடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து, தானாகக் காய்ந்தபின் மூடியைப் போடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும், நம் கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.